பட்டனை அழுத்தலாமா?

கே: என் வேர்ட்பிரஸ் தளம் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் தினமும் 'அப்டேட் செய்' என்று நச்சரிக்கிறது. ஓடுகிற வண்டியை எதற்கு ஷெட்டில் விட வேண்டும்?
– வாசகர், தேனி

ப: வண்டி ஓடுகிறது, சரி. சாவியும் அதிலேயே தொங்குகிறதே! 4.7, 4.7.1 பதிப்புகளில் ஓர் ஓட்டை இருந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் யார் வேண்டுமானாலும் உங்கள் கட்டுரையைத் திருத்தலாம். 2017 ஜனவரி 26 அன்று 4.7.2 வெளியிட்டு அடைத்தார்கள். எதை அடைத்தோம் என்று ஏறக்குறைய ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. அதற்குள் எல்லோரும் அப்டேட் செய்துகொள்ளட்டும் என்றுதான். செய்யாதவர்களின் பக்கங்களில் கண்டவர்களும் கிறுக்கினார்கள், லட்சக்கணக்கில். அந்தத் தளங்களும் முதல் நாள்வரை நன்றாகத்தான் ஓடின.

கே: 4.9-க்குப் பிறகு 5.0 என்றால் பயங்கர மாற்றம் என்று அர்த்தமா?
– வாசகி, காரைக்குடி

ப: இல்லை. வேர்ட்பிரஸ் கணக்கில் 4.8-க்குப் பின் 4.9 வந்ததும் பெரிய அப்டேட்தான், 5.0 வந்ததும் பெரிய அப்டேட்தான். மூன்றாவதாக ஓர் எண் ஒட்டிக்கொண்டு வந்தால் மட்டும் சில்லறை ரிப்பேர். ஆனால் பாருங்கள், 2018 டிசம்பரில் வந்த அந்த 5.0 நிஜமாகவே எழுதும் திரையைப் புரட்டிப் போட்டது. பத்திகளெல்லாம் பிளாக்குகள் ஆயின. பழசே போதும் என்பவர்களுக்கு 'கிளாசிக் எடிட்டர்' ப்ளகின் உண்டு. கொடுத்ததும் வேர்ட்பிரஸ்காரர்களேதான்.

கே: பழைய தளத்தைப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். தமிழ் முழுவதும் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. எல்லாம் போய்விட்டதா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: மேலே கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'ஆர்', அதுதானே வருகிறது? அப்படியானால் போகவில்லை, ஒளிந்திருக்கிறது. 'க' போன்ற ஒரு தமிழ் எழுத்துக்கு யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முதல் இரண்டைத் தனித்தனி எழுத்தாகப் படித்தால் இந்த வேஷம்தான் வரும்.

காரணம் 2007-க்கு முந்தைய கதை. 2.2 பதிப்பு வரும்வரை, எந்த எழுத்துமுறை என்று வேர்ட்பிரஸ் டேட்டாபேஸிடம் சொன்னதே இல்லை. மைஎஸ்க்யூஎல் என்ற அந்த டேட்டாபேஸ் தன் பழக்கப்படி 'லத்தீன், ஸ்வீடன் வரிசை' என்று எழுதிக்கொண்டது. அதைத் தொடங்கியவர்கள் ஸ்வீடன் பக்கத்து ஆட்கள். ஆக, உங்கள் தமிழ் இத்தனை வருடமும் ஸ்வீடன் ரேஷன் கார்டில் குடியிருந்தது. கேட்பவரும் அதே பொய்யைச் சொன்னதால் போட்டது போட்டபடி வந்தது. இப்போது புது கான்ஃபிக் கோப்பில் 'யுடிஎஃப்-8' என்று உண்மை பேசிவிட்டீர்கள். டேட்டாபேஸ் விழுந்தடித்துக்கொண்டு மொழிமாற்றிக் கொடுக்கிறது!

முதலில் புதுக் கட்டுரை எதையும் சேமிக்காதீர்கள். பழசும் புதுசும் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. கான்ஃபிக்கில் எழுத்துமுறை சொல்லும் வரியை எடுத்துவிட்டுப் பாருங்கள், தமிழ் திரும்பும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் டேட்டாபேஸின் நகல் ஒன்றில் அந்தந்த நெடுவரிசையை முதலில் 'ப்ளாப்' வகைக்கும், அங்கிருந்து யுடிஎஃப்-8-க்கும் மாற்ற வேண்டும். நேரே மாற்றினால் பூச்சிகளையே பத்திரப்படுத்திவிடும். தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கே: பேக்கப் எடுத்துவிட்டேன். தைரியமாக அழுத்தலாமா?
– வாசகர், சிவகாசி

ப: எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதே சர்வரிலா? மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். இன்னொன்று: கோப்புகளை மட்டும் எடுத்திருந்தால் படங்கள் மிஞ்சும், எழுத்து மிஞ்சாது. எழுத்து டேட்டாபேஸில் இருக்கிறது. இரண்டையும் எடுத்து, வேறோர் இடத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்தீர்களானால் அழுத்துங்கள்.

கே: அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. 'பராமரிப்புப் பணி' என்றே காட்டுகிறது.
– வாசகி, கோவை

ப: தளத்தின் முதல் ஃபோல்டரில் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து 'மெயின்டெனன்ஸ்' என்றொரு கோப்பு கிடக்கும். அழித்துவிடுங்கள், தளம் திறக்கும். பிறகு அப்டேட்டை மறுபடி ஓட்டுங்கள். நின்றது பாதியில் அல்லவா?

கே: தானாகவே அப்டேட் ஆகும் வசதியை நம்பலாமா?
– வாசகர், சேலம்

ப: நம்பலாம். 2013-இல் 3.7 பதிப்பிலிருந்து சில்லறை ரிப்பேர்கள் அப்படித்தான் வருகின்றன. ஒரே ஒருமுறை, 2018 பிப்ரவரியில், 4.9.3 தானாகவே வந்து உட்கார்ந்து, தானாக அப்டேட் ஆகும் வசதியையே கெடுத்துவிட்டது! மறுநாள் வந்த 4.9.4-ஐ அவரவர் கையால் அழுத்த வேண்டியதாயிற்று.

கே: ப்ளகின் ஒன்றை அப்டேட் செய்ததும் தளம் படுத்துவிட்டது. உள்ளே நுழையவே முடியவில்லை. 'மின்னஞ்சலைப் பாருங்கள்' என்கிறது.
– வாசகர், நெய்வேலி

ப: 2019-இல் வந்த 5.2-இலிருந்து உள்ள வசதி அது. தகராறு செய்யும் ப்ளகினை ஒதுக்கிவைத்து உள்ளே நுழைய ஒரு லிங்க் அனுப்பும். நிர்வாகி மின்னஞ்சலாக எந்த முகவரி இருக்கிறது? தளத்தை முதன்முதலில் அமைத்துக் கொடுத்த உங்கள் மச்சானுடையதா? அவரோடு இப்போது பேச்சுவார்த்தை உண்டா?