போற வழிதானே

கடை மாற்றும் அண்ணை இரண்டு மாதம் முன்னதாகவே கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார். 'வாடிக்கையாளருக்கு எந்த இடைஞ்சலும் இன்றி எமது கடை இடம் மாறுகிறது.' அடியில் ஒரு அம்புக்குறி. அது காட்டும் பக்கம் போனால் பல் டொக்டரின் வாசல்தான் வரும். சிட்னியின் பெண்டில் ஹில்லில் இருந்து டூங்காபிக்கு மாறுகிறார் என்பதை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ரயிலில் அடுத்த ஸ்டேஷன்.

லொறி பிடிக்கமாட்டார். லொறி எதற்கு, வாடிக்கையாளர்கள் இருக்கும்போது? காசு கொடுத்து மிச்சம் வாங்கும் அந்த நேரத்தில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்பார்:

"தம்பி, வீடு எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் சொன்னாலும் டூங்காபி அந்தப் பக்கம்தான். பிளாக்டவுன் என்றால், "போற வழிதானே." பரமட்டா என்றால், "இந்த நேரம் சுத்திப் போனால் ட்ராபிக் இல்லை." லிவர்பூல் என்று ஒருவர் தப்பப் பார்த்தார். "அப்ப எம்7ஆலதானே போவீர், ஒரு சின்ன வளைவு." அவர் காரில் ஐந்து மூட்டை சம்பா ஏறியது.

காருக்கேற்ற சுமை. பெரிய காருக்கு அரிசி, சின்னக் காருக்கு அப்பளம். ரீச்சர்மாருக்குத் தூள் பைக்கற். பின்னால் திறந்த தட்டுள்ள யூட் வைத்திருக்கும் இளைஞனுக்கு மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டுப் பிளேன்டீ. மெர்சிடிஸ்காரர் ஒருவர் முகம் சுளித்தபோது, "உங்கட கார்தான் துப்புரவு ஐயா" என்று சொல்லி, கல்லாவுக்கு மேலே இருந்த பிள்ளையாரை முன் சீற்றில் இருத்திவிட்டார். ஐயா இருபது அடி போகவில்லை, கார் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. இறங்கி வந்து பிள்ளையாருக்குப் பெல்ற் போட்டார். தும்பிக்கைக்கு மேலாலா கீழாலா என்பதில் கொஞ்சம் தடுமாற்றம்.

எனக்குக் கிடைத்தது நெத்தலிக் கருவாட்டுப் பெட்டி.

சிட்னி மீன்சந்தையும்தான் இடம் மாறியது. 1966 முதல் பிளாக்வாட்டில் பே கரையில் இருந்த சந்தை அது. பழைய கட்டடத்தில் வியாபாரம் நடக்க நடக்கவே, கூப்பிடு தூரத்தில் 83 கோடி டொலருக்கு மேல் செலவழித்துப் புதியது கட்டினார்கள். 2026 சனவரியில் திறந்தார்கள். புதியது முழுதாக ஆயத்தமாகும்வரை பழையதைக் கலைக்கவில்லை. இறால் வாங்கப் போனவர் தலையில் பெட்டியும் ஏற்றவில்லை. இதை அண்ணையிடம் சொன்னேன்.

"அது கவுண்மேந்துக் காசு தம்பி. எனக்கு நீங்கள்தானே இருக்கிறியள்."

இதற்கு என்னத்தைச் சொல்வது? 2021 லொக்டவுனில், ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் போகக்கூடாது என்றிருந்த நாட்களில், வயதுபோனவர்களின் வாசலில் அரிசியும் பருப்பும் வைத்துவிட்டு, மணியை அடித்து எட்ட நின்று கை காட்டிய மனுசன் இவர். படிக்க வந்த பெடியளின் கடன் கணக்கு இவருடைய கொப்பியில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது. ஒருவரையும் கேட்டு நான் கண்டதில்லை. அதனால்தான் ஊர் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு டிக்கியைத் திறக்கிறது.

"ஒரு நாளும் கடை பூட்டேல்லை" என்பது அவருடைய பெருமை. உண்மைதான். இரண்டு கடையும் திறந்திருந்தன. அரிசி பழைய கடையில், பருப்பு புதுக் கடையில். கார்ட் மெசினை முதல் நாளே டூங்காபிக்கு அனுப்பிவிட்டதால் பெண்டில் ஹில்லில் காசு மட்டும். மிச்சம் கொடுக்கும் சில்லறையோ காசுப் பெட்டியோடு டூங்காபியில். உளுந்து எங்கே இருக்கிறதென்று அண்ணைக்கே தெரியாது. யாரோ ஒருவரின் காரில் இருந்தது. அவர் குடும்பத்தோடு கான்பெராவுக்குப் போய்விட்டார்.

புதுக் கடையில் பால் காய்ச்சினார்கள். ஆளுக்கொரு வாழைப்பழம், ஒரு கலண்டர். நெத்தலி பைக்கற்றைத் தூக்கிப் பார்த்தேன், விலை ஒரு டொலர் கூடியிருந்தது.

"என்னண்ணை இது?"

"என்ன செய்யிறது தம்பி. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, போக்குவரத்து எண்டு எவ்வளவு செலவு!"

அந்தக் கூலியை வாங்கினவர் யாரென்று தெரிந்தால் நல்லது. காரின் பின் சீற்றைக் கழுவ அறுபது டொலர் கேட்கிறார்கள். மணம் போகுமென்று உத்தரவாதமும் தரமாட்டார்களாம்.