எங்களை வெளிநாடாக அறிவிக்கவும்

பெறுநர்: செயலாளர் அவர்கள், மத்திய வேளாண் அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: ஆம்பூரை வெளிநாடாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கேப்டஃபால் என்ற பூஞ்சைக்கொல்லியின் 80 சதவீதத் தூளை நம் நாட்டில் பயன்படுத்தக் கூடாது, ஏற்றுமதிக்கு மட்டும் தயாரிக்கலாம் என்று தாங்கள் போட்ட ஆணையைப் படித்தோம். 2020இல் 27 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை வரைவு வெளியிட்ட சூட்டோடு, ஏற்றுமதிக்குத் தயாரிக்கலாம் என்று இறங்கிவந்ததையும் கண்டோம். விஷம் மருந்தில் இல்லை, வாங்குகிறவர் விலாசத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டோம்.

எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளுக்கு இது பழகிய பாடம்தான். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கே வேண்டாம் என்றது. இங்கே மறுபேச்சில்லாமல் மருந்து மாறியது. 2015 முதல், ஷூ தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்கிறது ஐரோப்பா. உள்தோலில் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்குப் போகும். சான்றிதழ் கைக்கு வந்த பிறகே கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும்.

அதே குரோமியம் ராணிப்பேட்டையில், தொண்ணூறுகளில் மூடிய குரோமேட் ஆலையில், லட்சம் டன்னுக்கு மேல் கழிவாகக் குவிந்தது. அதிலிருந்து கசிந்த மஞ்சள் தண்ணீருக்குச் சான்றிதழ் கேட்டு எந்த ஜெர்மன்காரரும் வரவில்லை. தோல் ஆலைகள் வழக்கில், மாசு செய்தவரே பணம் கட்ட வேண்டும் என்று 1996இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே ஆம்பூரை வெளிநாடாக அறிவித்தால், ஐரோப்பியர் பாதத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எங்கள் தொண்டைக்கும் கிடைக்கும்.

ஆணையை மட்டும் கவனமாக எழுதவும். வெளிநாட்டிலும் முதல் பந்தி, கடைசிப் பந்தி உண்டு. தன் வயலில் ஆகாதென்று தள்ளிய டயஃபென்தியூரான் பூச்சிக்கொல்லியை 2017இல் சுவிட்சர்லாந்து நமக்கு அனுப்பியது. அதே ஆண்டு மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் செத்து விழுந்தார்கள். அவர்கள் தெளித்தவற்றில் அதுவும் இருந்தது. அந்த ஏற்றுமதிக்கு சுவிஸ் அரசின் தடை அமலுக்கு வர 2021 ஆயிற்று. கடைசிப் பந்தியில் உட்கார வைத்தால், தங்கள் கேப்டஃபாலே எங்கள் இலைக்கு வரும்.

இதெல்லாம் சிரமம் என்றால், இங்கே ஆகாததை எங்கேயும் விற்கக் கூடாது என்று ஒரே வரியில் ஆணை போடலாம். இதை மட்டும் கோப்பில் சேர்க்க வேண்டாம், பார்ப்பவர்கள் பதறிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைவாசி
(தற்காலிகமாக உள்நாடு)