திருமயத்துக்கு ஒரு ‘கமாண்ட் சென்டர்’ வாங்குவது எப்படி?

முதலில் கோட்டையில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. உச்சிப் பாறையில் பீரங்கி; அங்கே நின்றால் நாலு திக்கும் கண்ணுக்கு எட்டும். போதாததற்கு ரோட்டோரத்தில் கோட்டை பைரவர். காரைக்குடி போகிற வண்டிக்காரர்கள் அவரிடம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் கியர் மாற்றுவார்கள். காவலுக்குக் குறைவில்லாத ஊர்தான் இது. அதற்கு ஃபண்டு கேட்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

மனுவில் ‘கேமரா வேண்டும்’ என்று எழுதிவிடாதீர்கள். வியாபாரிகள் சங்கத்தையே போடச் சொல்லிவிடுவார்கள். சென்னையில் ‘மூன்றாவது கண்’ அப்படித்தான் பெருகியது: போலீஸ் கேட்டது, கடைக்காரரும் குடியிருப்புவாசிகளும் கைக்காசு போட்டார்கள். ‘ஒருங்கிணைந்த கட்டளை மற்றும் கட்டுப்பாட்டு மையம்’ என்று எழுதுங்கள். அந்தப் பெயரை வாசித்து முடிப்பதற்குள் எஸ்டிமேட்டில் ஒரு சைபர் கூடியிருக்கும். ‘ஏ.ஐ.’ சேர்த்தால் இன்னொன்று.

யாரிடம் கேட்பது? நிர்பயா நிதி 2013-இல் 1,000 கோடி ரூபாயோடு தொடங்கியது. அதிலிருந்து ‘பாதுகாப்பான நகரம்’ திட்டத்துக்கு எட்டு ஊர்களை எடுத்தார்கள். சென்னைக்கு மட்டும் சுமார் 425 கோடி. டெல்லி, மும்பை, லக்னோ வரிசையில் திருமயத்தைச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. மிச்சம் எம்.எல்.ஏ. நிதி, வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி, 5 கோடி. பயணியர் நிழற்குடைக்கும் சமுதாயக்கூடத்துக்கும் பின்னால் போய் நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எஸ்டிமேட்டில் மறந்தும் ஆள் கேட்காதீர்கள். எம்.பி. நிதி என்பது நிலையான சொத்து உண்டாக்க. சம்பளத்துக்கு அதில் இடமில்லை. சுவர் அகலத்துக்குத் திரை வாங்கலாம், அதை ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஏட்டை வாங்க முடியாது. திறப்பு விழா போட்டோவிலும் திரைதான் நன்றாக விழும். யு.பி.எஸ். பேட்டரி, ஏ.எம்.சி., நிரம்பிப்போன ஹார்டு டிஸ்க் எல்லாம் அடுத்து வருகிறவர்கள் தலையெழுத்து.

சொந்த அனுபவம் ஒன்று. என் டி.வி.எஸ். ஐம்பது காணாமல் போனபோது, ஒரு கடைத்தெருவில் ஃபூட்டேஜ் தேடி அலைந்தேன். முதல் கேமராவில் ஒரு சிலந்தி. ராத்திரி முழுக்க அகச்சிவப்பு வெளிச்சத்தில், யானை பருமனில், வலை பின்னிக்கொண்டிருந்தது. அடுத்த கேமராவுக்கு முன்னால் ஒரு ஃபிளெக்ஸ். அந்தக் கேமராவின் திறப்பு விழாவுக்கு வைத்ததே அது. மூன்றாவதில் என் வண்டி தெளிவாகத் தெரிந்தது. தேதிதான் 1970 ஜனவரி 1. அன்றைக்கு நானே பிறக்கவில்லை.

அதனால் உங்கள் மையம் திறந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டாவது, ஒட்டடைக்கம்பு. இதற்கு டெண்டர் தேவையில்லை.

காவல் நிலையத்துக்குள்ளும் கேமரா கேட்க மறக்காதீர்கள். எல்லா நிலையங்களிலும் வைக்க வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தெருவுக்குக் கேட்டால் வருகிற உற்சாகம் இதற்கு வருவதில்லை, கவனித்திருப்பீர்கள்.

இனி விளையாட்டு இல்லை. திருமயம் பக்கத்துச் சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி சமூக ஆர்வலர் ஜகபர் அலி மனு கொடுத்துக்கொண்டிருந்தார். மனு என்பதும் எச்சரிக்கை மணிதான். மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், எடுத்துப் படிக்க ஆள் இருந்தால் போதும். 2025 ஜனவரி 17 அன்று, தொழுகை முடித்து ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், டிப்பர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது அதற்குப் பிறகு.

ஆகவே, கட்டுப்பாட்டு மையம் வந்தாலும் வராவிட்டாலும், ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள்.