கரும்புப் பணத்தைக் கரைக்கச் சில யோசனைகள்

ஆலையிலிருந்து கரும்புப் பணம் கணக்கில் ஏறியதும் ஊரில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பயிர்க்கடனை அடை, அடகு நகையைத் திருப்பு, பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டு, மிஞ்சினால் போர்வெல்லை இன்னும் நூறு அடி இறக்கு. எல்லாமே மெதுவான வழிகள். போர்வெல்லில் பணத்தைத் தொலைக்கக்கூட ரிக் வண்டி வரவேண்டும், நீரோட்டம் பார்ப்பவர் தேங்காயோடு வரவேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் வந்து சண்டை பிடிக்கவேண்டும். காலை 9.15க்குத் தொடங்கி மாலை 3.30க்குள் முழுத்தொகையையும் முடித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும் வசதி பங்குச் சந்தையில் மட்டும்தான் உண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு அனுப்பும் பெருமக்களுக்காக எழுதியது இது. கல்வராயன் மலைக்காரர்களும் தாராளமாகப் பின்பற்றலாம். மரவள்ளிப் பணம், புளிப் பணம், கடுக்காய்ப் பணம் என்று சந்தை பேதம் பார்ப்பதில்லை.

முதலில் கணக்குத் தொடங்குங்கள். முன்பு இதில் பெரிய தொல்லை இருந்தது. பங்கு என்றால் காகிதப் பத்திரம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று தபாலில் திரும்பி வரும். சென்னையில் ஒரு பங்குச் சந்தை, கோவையில் ஒன்று என்று இருந்தன. 1996ஆம் ஆண்டுச் சட்டம் காகிதத்தை ஒழிக்கத் தொடங்கியது. மும்பையின் கணினிச் சந்தை மற்ற ஊர்ச் சந்தைகளை ஒழித்தது. சென்னைச் சந்தை 2015இல் கடையைக் கட்டியது. இப்போது ஆதார், பான், வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து, கேமராவைப் பார்த்து ஒரு கண்சிமிட்டல், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் நாட்டில் பங்கு வைக்கும் டீமேட் கணக்குகள் சுமார் 4 கோடி இருந்தன; 2025இல் 20 கோடியைத் தாண்டிவிட்டன. ஆப்ஷன் வியாபாரத்துக்கு மட்டும் வருமானச் சான்று கேட்பார்கள். கரும்புப் பணம் ஏறிய வங்கி அறிக்கையை அனுப்புங்கள், போதும். நாமினி இடத்தில் மனைவி பெயரைப் போடுங்கள். அவரிடம் சொல்லவேண்டும் என்று படிவத்தில் எங்கும் இல்லை.

அடுத்து, தெரிந்த தொழில் பக்கமே போகாதீர்கள். இது முக்கியம். சர்க்கரைத் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது மும்பையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதுபவருக்குத் தெரியாது. இந்தப் பருவம் அரவை எப்போது தொடங்கியது, வெட்டாள் கூலி எவ்வளவு ஏறியது, டிராக்டர் எத்தனை மணி நேரம் ஆலை வாசலில் நின்றது, பணம் எத்தனை நாள் தள்ளி வந்தது எல்லாம் உங்கள் விரல்நுனியில். சங்கராபுரம் பக்கம் கலையநல்லூரில் ஆலை வைத்திருந்த தரணி சுகர்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். 2021இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. அப்படிப்பட்ட செய்தி சந்தைக்குப் போய்ச் சேரும் முன்பே ஆலை வாசலுக்கு வந்துவிடும். இந்த அறிவை அப்படியே மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிடுங்கள். கூட்டுறவு ஆலையில் அங்கத்தினர் என்ற வகையில் நீங்கள் ஏற்கெனவே பங்குதாரர்தான் என்பதையும் மறந்துவிடுங்கள். அந்தப் பங்குக்குத் திரையில் விலை ஓடாது, பச்சை சிவப்பு நிறம் மாறாது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. ஆனால் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். மக்காச்சோளத்தைக் கொண்டுபோய் இறக்கினால் குவியலுக்கு ஒரு எண் போடுவார்கள். வியாபாரி வருவார். மேலாக இருப்பதைப் பார்க்கமாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் பரப்பி ஊதுவார், ஒரு மணியைப் பல்லில் கடித்து ஈரம் பார்ப்பார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த குவியலுக்குப் போவார். சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார். பெட்டியைத் திறந்ததும் அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை பிடிக்கவில்லையா, விற்கமாட்டேன் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

பங்குச் சந்தையும் அடிப்படையில் இதேதான், சந்தை முடியும்வரை பெட்டி மட்டும் மூடுவதே இல்லை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் சீட்டு விழுந்துகொண்டே இருக்கும். கூடுதல் விலைக்குக் கேட்பவருக்கு முதலிடம்; இருவரும் ஒரே விலை என்றால் முதலில் வந்தவருக்கு. விதி நியாயமானது, குறை சொல்ல முடியாது. முதலில் வருவது எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் மும்பையில் சந்தையின் கணினி இருக்கும் வளாகத்துக்குள்ளேயே வாடகைக்கு இடம் பிடித்துத் தங்கள் கணினிகளை வைத்திருக்கின்றன. அவர்களுடைய சீட்டு பெட்டிக்குப் போக ஆகும் நேரத்தை நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்கிறார்கள். நீங்கள் கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் நின்று போனை வானத்துக்கு நீட்டி, ஒரு கோடு சிக்னல் வந்ததும் 'வாங்கு' பொத்தானை அழுத்துகிறீர்கள். வட்டம் சுற்றுகிறது. சுற்றட்டும்.

அந்த வாடகை இடத்திலும் சிலருக்கு முன்வரிசை கிடைத்தது என்று தேசியப் பங்குச் சந்தை மீது எழுந்த புகார் வருஷக்கணக்கில் விசாரணையில் ஓடியது. அந்தச் சந்தையின் முன்னாள் தலைமை அதிகாரி, சந்தையின் உள் விவகாரங்களை இமயமலை யோகி ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி ஆலோசனை கேட்டார் என்று சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2022 பிப்ரவரியில் உத்தரவே போட்டது. கல்வராயன் மலையிலும் சித்தர்கள் உண்டு என்பார்கள். மின்னஞ்சல் வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இப்போது ஆப்ஷனுக்கு வருவோம். பங்கு வாங்காதீர்கள். பங்கு வாங்கினால் நிறுவனத்தில் ஒரு துண்டு உங்களுக்குச் சொந்தமாகிவிடும். விலை விழுந்தாலும் கையில் ஏதோ மிஞ்சும். சில வருஷம் போனால் ஏறினாலும் ஏறிவிடும். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி கட்டுகிறவர்கள் இந்தச் சலிப்பான வழியில்தான் 2025இல் மாதம் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த ஆட்களோடு சேராதீர்கள். ஆப்ஷனில் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டி 25,000த்தில் நிற்கிறது என்று வையுங்கள். அன்று ஏறும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ஏறும் என்பவர்கள் வாங்கும் ஆப்ஷனுக்குக் 'கால்' என்று பெயர்; அன்றே முடிகிற '25,100 கால்' 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு லாட்டுக்கு 75 என்றால் 3,000 ரூபாய் பிரீமியம். கட்டிவிட்டீர்கள். நீங்கள் நினைத்தபடியே நிஃப்டி ஏறுகிறது. மாலையில் 25,090ல் முடிகிறது. நாள் முழுக்க நீங்கள் சொன்னது சரி. கையில் வருவது பூஜ்யம். ஏறும் என்று சொன்னால் போதாது. 25,100ஐத் தாண்டி அதற்கு மேல் 40 புள்ளி ஏறவேண்டும், அதுவும் 3.30க்குள். அதுவரை நிமிஷத்துக்கு நிமிஷம் பிரீமியம் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்கிற ஒவ்வொரு பைசாவும் உங்களுக்கு அதை விற்றவரின் பைக்குப் போகிறது. மழை வரும் என்று விதைத்து, மழையும் வந்து, விளைச்சல் இல்லாமல் போகும் தொழில் வேறு எங்காவது உண்டா?

எல்லாம் சரி, இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? வேண்டும். யூடியூபில் காருக்குப் பக்கத்தில் நின்று பேசுபவராகப் பாருங்கள். டெலிகிராம் குழுவில் நட்டக் கணக்குப் படம் ஒன்றுகூட வரக்கூடாது. 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் வகுப்பு நடத்திய ஒருவர் நிச்சய லாபம் என்று ஆசைகாட்டி மாணவர்களைச் சேர்த்தார். 2023 அக்டோபரில் செபி அவருடைய கணக்கைப் புரட்டியபோது அவரே சந்தையில் 2 கோடியே 89 லட்சம் நட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. வகுப்புகளில் வசூலித்த 17 கோடி ரூபாய்க்கு மேல் தனியாகக் கட்டச் சொன்னார்கள். எந்தத் தொழிலில் லாபம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தி, பிளே ஸ்டோரில் இல்லாத ஒரு செயலியை இறக்குங்கள். அதில் உங்கள் பணம் வாரத்தில் இரண்டு மடங்கு ஆகும், படத்தில். எடுக்கப் போனால் வரி கட்டச் சொல்வார்கள். கட்டினால் அதற்கு ஒரு அபராதம் கட்டச் சொல்வார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் மட்டும் எக்காரணத்தாலும் நினைவுக்கு வந்துவிடக் கூடாது. உடனே கூப்பிட்டால் பணத்தை வழியில் நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

வேறு ஊர்க்காரர்கள் துணை இருக்கிறார்களா என்ற கவலை வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்து ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரக் கணக்கைச் செபி வெளியிட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம்; ஆளுக்குச் சராசரி 2 லட்சம் ரூபாய்; மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். நூற்றில் எழுபத்திரண்டு பேருக்கு மேல் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். நான்கில் மூன்று பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று எழுதிக்கொடுத்தவர்கள். அதாவது நம் ஆட்கள். தரகு, வரி, சந்தைக் கட்டணம் என்று மட்டும் அந்த மூன்று வருஷத்தில் சுமார் 50,000 கோடி செலவழித்திருக்கிறார்கள். தோற்றாலும் இந்தக் கட்டணம் உண்டு.

எதிர்ப்பக்கம் யார்? அதே கணக்கின்படி 2023-24இல் தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகள் 33,000 கோடியும், வெளிநாட்டு நிறுவனங்கள் 28,000 கோடியும் லாபம் பார்த்தன, செலவு கழிக்கும் முன். பெரும்பாலும் மனிதக் கைபடாத கணினி நிரல்கள் சம்பாதித்தவை.

2024 ஜனவரி 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் காணும் பொங்கல். அரசு நாட்காட்டியில் உழவர் திருநாள். கோமுகி அணைப் பக்கம் கட்டுச்சோற்றோடு கூட்டம் போகிற நாள். மும்பையில், வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டியின் ஆப்ஷன் முடியும் நாள். முந்தின நாள் வந்த எச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டுக் கணக்கு பிடிக்காமல் வங்கிப் பங்குகள் சரிந்தே திறந்தன. செபி சொல்வது இது: அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் காலையில் ஆயிரக்கணக்கான கோடிக்கு வங்கிப் பங்குகளையும் ஃப்யூச்சர்களையும் வாங்கிக் குறியீட்டைத் தாங்கிப் பிடித்தது. குறியீடு எழுவதைப் பார்த்துச் சின்னவர்கள் 'கால்' வாங்க ஓடியபோது, எதிர்த்திசையில் அதைவிடப் பல மடங்கு பெரிய ஆப்ஷன் நிலையை எடுத்துக்கொண்டது. பிறகு வாங்கியதை எல்லாம் விற்றது. பங்கில் 61 கோடி நட்டம்; ஆப்ஷனில் 734 கோடி லாபம். ஒரே நாள். 2025 ஜூலையில் செபி இடைக்கால உத்தரவு போட்டு 4,843 கோடியைக் கட்டச் சொன்னது. நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு, இது வழக்கமான விலை வித்தியாச வியாபாரம்தான், குற்றமில்லை என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. எது சரி என்பதைத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும். உழவர் திருநாளன்று அந்தக் 'கால்'களை வாங்கியவர்கள் யார் என்பது மட்டும் யாருடைய மனுவிலும் பெரிய கேள்வியாக இல்லை.

செபி இடையில் உங்களைத் தடுக்கப் பார்த்தது உண்மை. 2024 நவம்பரிலிருந்து வாராந்திர ஆப்ஷன் ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டுக்குத்தான். ஒப்பந்த அளவையும் 15 லட்சத்துக்கு உயர்த்தினார்கள். மனம் தளராதீர்கள். 2024-25இலும் 91 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். தொகை 1,05,000 கோடியைத் தாண்டியது. நிஃப்டிக்குச் செவ்வாய், சென்செக்ஸுக்கு வியாழன் என்று வாரத்தில் இரண்டு நாள் இன்னும் இருக்கிறது.

ஊரில் பேச்சுக் கொடுக்கும் முறையையும் பழகிக்கொள்ளவேண்டும். நான்குமுனைச் சந்திப்பு டீக்கடையில் கேட்டது:

"இன்னைக்கு எவ்ளோ மாமா?"

"பன்னண்டாயிரம் மாப்ளே. அரை மணி நேரத்துல."

"நேத்து?"

"நேத்திக்கதை எதுக்குடா இப்ப? டீ ஆறுது பாரு."

வீட்டில் இது எடுபடாது. ராத்திரி ஒரு மணிக்குப் போன் வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போது, "இன்னாங்க, இன்னேரத்துக்கு யாரு கூட?" என்று கேள்வி வரும். கிஃப்ட் நிஃப்டி என்று சொன்னால் அது யார் என்று அடுத்த கேள்வி வரும். குஜராத்தில் நாளின் பெரும்பகுதியும் நடக்கும் சந்தை என்று விளக்குவதைவிட, வேறு யாரோடாவது பேசியதாக ஒப்புக்கொள்வது சிலருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பணம் தீர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். கரும்பில் சம்பாதித்தவரை உங்களுக்கு வருமான வரி கிடையாது, படிவமும் கிடையாது. இப்போது ஆப்ஷன் வியாபாரம் செய்தவர், ஆகவே தொழில் முனைவர். ஐடிஆர்-3 என்ற படிவத்தை நிரப்பவேண்டும். கெடுவுக்குள் தாக்கல் செய்தால் சட்டம் ஒரு சலுகை தருகிறது: இந்த நட்டத்தை அடுத்த எட்டு வருஷத்துக்குச் சுமந்துபோய், வரப்போகும் தொழில் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். படிவத்தை நிரப்பித் தர ஆடிட்டர் இருக்கிறார். கூட்டமாக இருக்கும், ஜூலை முதல் வாரமே டோக்கன் வாங்கிவிடுங்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததும் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பார்.