பருந்து பெரிதாக விழும், போர் விமானம் கடுகாக விழும்

கே: முதன்முதலில் விமானக் கண்காட்சிக்குப் போய்ப் படம் எடுத்த கதையைச் சொல்லுங்களேன். எத்தனை படம் தேறியது?
(ஓசூர் வாசகர்)

ப: 2003 பிப்ரவரி. பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில் ஏரோ இந்தியா. நான் கல்லூரி மாணவன். சித்தப்பாவிடம் கெஞ்சி வாங்கிய யாஷிகா கேமரா, 200 மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு ஜூம் லென்ஸ், ஒரு பை நிறையப் புளிச்சோறு. கொலம்பியா விண்கலம் சிதறி கல்பனா சாவ்லா இறந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. பஸ்ஸிலும் வரிசையிலும் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான்.

எத்தனை தேறியது என்பதற்கு ஸ்டூடியோக்காரர் கேட்ட கேள்வியே பதில்: "வானத்த மட்டும் எதுக்கு தம்பி இத்தன எடுத்திருக்கீங்க?" குற்றம் லென்ஸின் கணக்கில் இருக்கிறது. மிக்-21 போர் விமானம் மூக்கிலிருந்து வால் வரை ஏறக்குறைய 15 மீட்டர். அது அரை கிலோமீட்டர் தள்ளிப் பறந்தால், 200 மில்லிமீட்டர் லென்ஸில் பிலிமின் மேல் 6 மில்லிமீட்டர்தான் விழும். பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர். சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது கடுகு. தாளிக்கத்தான் ஆகும்.

அந்தக் கடுகுகளில் ஒன்று எல்.சி.ஏ. என்ற நம்முடைய இலகுரகப் போர் விமானம். முதல் பறப்பு 2001 ஜனவரி 4 அன்று நடந்தது. பொதுமக்கள் முன்னால் அது பறந்ததை அன்று பார்த்தோம். தேஜஸ் என்ற பெயர் அப்போது அதற்கு இல்லை. அந்த மே மாதம்தான் பிரதமர் வாஜ்பாய் பெயர் சூட்டினார். என் ஆல்பத்தில் இன்றும் அது பெயர் வைக்காத பிள்ளைதான்.

கே: இப்போது நிமிடத்துக்கு நூறு படம் எடுக்கிறோம். ஒரு ரோலில் 36 படம் என்ற காலத்தில் நிதானம் இருந்தது, ரசனை இருந்தது, இல்லையா?
(மதுரை வாசகர்)

ப: இல்லை, பயம் இருந்தது. ரோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. பிலிமைக் கஞ்சத்தனமாகச் செருகினால் 37-வது படம் கிடைக்கும் என்று எல்லாருமே நம்பினோம். சில சமயம் கிடைக்கவும் செய்தது. விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் ஒன்பது விமானங்கள் வானத்தில் பிரிந்து விரிகிற அந்த நொடியில் கேமராவுக்குள் ரோல் தீர்ந்து கர்ரென்று திரும்பச் சுற்றிக்கொள்கிற ரசனை யாருக்கும் வேண்டாம். இன்றைய கேமரா அன்று கிடைத்திருந்தால் பிலிம் காசுக்காகச் சித்தப்பாவின் வீட்டுக்கு மூன்று வாரம் காய்கறி வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன்.

கே: நான் எடுத்த விமானப் படத்தில் விமானத்தைவிடப் பருந்துதான் தெளிவாக இருக்கிறது. என்ன பரிகாரம்?
(தாம்பரம் வாசகி)

ப: பரிகாரத்தைப் பெங்களூரு நகர நிர்வாகம் செய்கிறது! ஏரோ இந்தியா நடக்கும் நாள்களில் எலகங்கா தளத்தைச் சுற்றி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு போடுவார்கள். 2023-ல் 10 கிலோமீட்டர் தூரம் வரை போட்டார்கள். கடைக்குப் பின்னால் கொட்டும் கழிவுக்குப் பருந்து வரும், பருந்து எஞ்சினுக்குள் போனால் விமானமே விழலாம் என்பது காரணம். ஒரு போர் விமானம் பறக்க ஊரே மரக்கறி சாப்பிடும் இடம் இது. உங்கள் பருந்துப் படத்தைக் கிழித்துவிடாதீர்கள். இரண்டு சிறகும் விரிந்த பருந்தைக் கூர்மையாக எடுப்பது சுகோயை எடுப்பதைவிடக் கஷ்டம்.

கே: சத்தம் கேட்டுத் திரும்பினால் விமானம் போய்விடுகிறதே!
(சேலம் வாசகர்)

ப: போய்விடத்தான் செய்யும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமானத்தின் சத்தம் உங்கள் காதுக்கு வர மூன்று நொடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் ஜாகுவார் அதற்குள் 750 மீட்டர் முன்னால் போயிருக்கும். ஆகவே சத்தம் வரும் திசையைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் பாருங்கள். கண்ணில் பட்டதும் கேமராவை அதன் வேகத்துக்கே இடுப்போடு சேர்த்துத் திருப்பி, திருப்பிக்கொண்டே அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. பக்கத்தில் நிற்பவரின் மூக்கில் இடித்தால் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருப்பது நல்லது.

இன்னொன்று. வானம் வெளிச்சமாக இருப்பதால் கேமரா ஏமாந்துபோய் விமானத்தைக் கரியாக்கிவிடும். தானாக அது காட்டும் அளவைவிட ஒரு படி கூடுதலாக ஒளி கொடுங்கள்.

கே: என் ஹெலிகாப்டர் படங்கள் பொம்மையைக் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கின்றன. ஏன்?
(சூலூர் வாசகர்)

ப: ஷட்டரை 1/1000 நொடியில் வைத்திருப்பீர்கள். இறக்கை உறைந்துவிட்டது. 1/125-க்கு இறக்குங்கள், சுழலும். கை நடுங்கினால் எல்லாமே சுழலும். விமானப்படையின் சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவின் ஊரிலேயே இருக்கிறீர்கள், பழக நாள் நிறைய இருக்கிறது.

கே: பறக்கிற விமானத்தை விட்டுவிட்டு, நிறுத்தி வைத்ததைப் படம் எடுப்பதில் என்ன பெருமை? அருங்காட்சியகத்திலேயே எடுக்கலாமே?
(கோவை வாசகர்)

ப: அப்படித்தான் நானும் என் நண்பனிடம் வாதாடினேன். அவன் கையில் இருந்தது ஜூம் இல்லாத சின்ன கேமரா. அதனால் நாளெல்லாம் தரையிலேயே சுற்றினான். மிக்-21-இன் வயிற்றுக்குக் கீழே எண்ணெய் சொட்டுவதற்கு வைத்திருந்த தட்டு, மூக்கில் மாட்டிய சிவப்பு உறை, பறக்குமுன் கழற்ற வேண்டிய சிவப்பு நாடாக்கள், இறக்கையின் நிழலில் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்ட விமானப்படை வீரர் என்று எடுத்தான். வால் பக்கத்து எண்களையும் விடவில்லை. கே.பி. என்று தொடங்கினால் மிக்-29, கே.எஃப். என்றால் மிராஜ், எஸ்.பி. என்றால் சுகோய் என்று அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். மிக்-25 2006-ல் போயிற்று. கான்பெரா 2007-ல் போயிற்று. மிக்-27 2019 டிசம்பரில் போயிற்று. 1963-ல் சண்டிகரில் சேர்ந்த மிக்-21-க்கு அதே சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று விடை கொடுத்தார்கள். அருங்காட்சியகத்தில் இருப்பதற்குப் புது வண்ணம் பூசி, கழுவித் துடைத்து வைத்திருப்பார்கள். எண்ணெய் சொட்டாது, கீழே யாரும் சாப்பிட மாட்டார்கள். வேலையில் இருந்த மிக்-21 எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் நண்பனின் படத்தைத்தான் காட்ட முடியும். என்னிடம் கேட்டால் நீல வானம் காட்டுவேன்.

கே: ராணுவ விமானத்தைப் படம் எடுத்தால் போலீஸ் பிடிக்காதா?
(நாமக்கல் வாசகி)

ப: நல்ல சந்தேகம். 1937-ஆம் ஆண்டு விமான விதிகளில் 13-வது விதி, அரசு விமான நிலையத்தில் அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்றது. அந்தக் கெடுபிடியில்தான் நாங்கள் வளர்ந்தோம். தளத்தின் வேலிக்கு வெளியே கேமராவைத் தூக்கினாலே விசில் வரும். அதே தளத்துக்குள் டிக்கெட் கொடுத்து, போர் விமானத்தை நிறுத்தி, எடுத்துக்கொள் என்று சொன்னது கண்காட்சி ஒன்றுதான். இன்றும் கண்காட்சி முடிந்த மறுநாள் அதே இடத்தில் போய் நின்று படம் எடுக்காதீர்கள். விசில் மாறவில்லை.

கே: கண்காட்சிக்கு காரில் போகலாமா, பஸ்ஸிலா?
(கிருஷ்ணகிரி வாசகர்)

ப: 2019 பிப்ரவரி 23 அன்று எலகங்காவில் வாகன நிறுத்துமிடத்தில் தீப்பிடித்து ஏறக்குறைய 300 கார்கள் எரிந்தன. பஸ்.

கே: 2024-ல் மெரினாவில் விமான சாகசத்தை எடுத்த படங்கள் எல்லாம் கருப்பாகவே வந்திருக்கின்றன. எங்கே தவறு?
(திருவல்லிக்கேணி வாசகர்)

ப: உங்கள் மேல் தவறில்லை. மெரினாவில் நின்றால் முகம் கிழக்கே, கடலைப் பார்த்து. அக்டோபர் 6 அன்று நிகழ்ச்சி தொடங்கிய காலை 11 மணிக்குச் சூரியனும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. எதிர்வெயிலில் ராஜாதிராஜனே பறந்தாலும் கருப்பாகத்தான் வருவான்.

படம் போனால் போகட்டும். அந்த வெயிலில், லட்சக்கணக்கான கூட்டத்தில், 5 பேர் உயிரை விட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன இடம். சென்னையில் அடுத்த முறை நடத்தினால் மாலை நான்கு மணிக்கு நடத்துங்கள். சூரியன் கூட்டத்துக்கு முதுகுப் பக்கம் போயிருக்கும், விமானத்தின் மேல் வெளிச்சம் நேராக விழும், மணல் சுடாது. இதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை, மெரினாவில் சுண்டல் விற்பவரைக் கேட்டால் போதும்.

கே: அப்பா வைத்திருந்த பழைய ஆல்பத்தில் ஏதோ போர் விமானங்கள் இருக்கின்றன. எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியவில்லை. அவரும் இல்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?
(தஞ்சாவூர் வாசகி)

ப: போடாதீர்கள் அம்மா. முதலில் பிரிண்ட்களோடு நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ஸ்டூடியோ உறைக்குள் இருக்கும். பிரிண்ட் பூசணம் பிடித்தாலும் நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்துகொள்ளலாம். பிறகு பூதக்கண்ணாடி வைத்து வால் எண்ணைப் பாருங்கள். எண் கிடைத்தால், அந்த விமானம் எந்த ரகம், எந்தப் படைப்பிரிவில் இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லப் பொழுதுபோக்காகவே திரியும் ஆட்கள் இந்த நாட்டில் ஏராளம். உங்கள் ஊரிலேயே சுகோய் தளம் இருக்கிறது, விமானப்படையில் ஓய்வு பெற்றவர் பக்கத்துத் தெருவில் இருப்பார், அவரிடமும் காட்டுங்கள். தெரிந்ததைப் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.