கோர்ட் கார்டியன் வாழ்க!

பெற்ற தாய்க்குக்கூடக் கிடைக்காத நம்பிக்கையை நீதிமன்றம் உங்கள்மீது வைத்திருக்கிறது, கோர்ட் கார்டியன் அவர்களே! பாகப்பிரிவினை வழக்கில் ஐந்தாம் பிரதிவாதி ஒரு மைனர். சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு என்பதால் அவளுடைய நலன் பிள்ளையின் நலனோடு மோதக்கூடும் என்று கருதிய நீதிமன்றம், எதிலும் ஒட்டாத ஒருவரைத் தேடி உங்களை அந்தப் பிள்ளையின் காப்பாளராகக் கண்டெடுத்தது. ஒட்டாமல் இருப்பதில் உங்களுக்கு நிகர் யார்? சொத்தோடும் ஒட்டவில்லை, சண்டையோடும் ஒட்டவில்லை, அந்தப் பிள்ளையோடும் ஒட்டவில்லை.

பிள்ளையை ஒருமுறைகூட நீங்கள் பார்க்காதது உங்கள் நடுநிலைக்குச் சான்று. பார்த்தால் பரிவு வரும். பரிவு வந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் வாய்தா நீளும். தேங்கிக் கிடக்கும் வழக்குகளுக்கு நடுவே நீதிமன்றத்தின் நேரத்தை இப்படிக் காப்பவர் வேறு எவர்?

உங்கள் எதிருரையின் சுருக்கம் புலவர்களுக்கும் வாய்க்காது. “வழக்கின் விவரங்கள் இந்தப் பிரதிவாதிக்குத் தெரியாது. வாதி தன் வழக்கை நிரூபிக்க வேண்டும். மைனரின் நலனை நீதிமன்றம் காக்க வேண்டும்.” இவ்வளவுதான். நலனைக் காக்கும்படி நீதிமன்றம் உங்களிடம் ஒப்படைத்தது. நீங்கள் அதைச் சேதமில்லாமல் நீதிமன்றத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

அவசரக்காரர் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால் வில்லங்கச் சான்று கேட்டிருப்பார். பிள்ளைக்கே உரிய நிலத்தைத் தாயோ தந்தையோ காப்பாளராக நின்று விற்றிருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வாங்கினார்களா என்று துருவியிருப்பார். பிரதிவாதி பெண் குழந்தை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு தந்திருப்பதை எடுத்துச் சொல்லியிருப்பார். வாதியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்திருப்பார். நீங்களோ பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் சிரமம் தரவில்லை, வாதிக்கும் தரவில்லை. உங்கள் கட்டணத்தைப் பெரும்பாலும் அந்த வாதிதானே கட்டுகிறார்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காத உத்தமர் நீங்கள்.

உங்கள் ஞானதிருஷ்டியைச் சமரசத்தின்போதுதான் முழுமையாகக் காண முடிகிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளை, 7ஆம் விதிப்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனருக்காகச் சமரசம் செய்ய முடியாது. அந்த அனுமதி மனுவோடு காப்பாளர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். எங்கே வசிக்கிறது, எந்த வகுப்பில் படிக்கிறது, யார் சோறு போடுகிறார்கள் என்று எதுவுமே தெரியாத பிள்ளைக்கு இந்தச் சமரசம் நன்மை தரும் என்று சத்தியம் செய்ய எத்தனை பெரிய ஞானம் வேண்டும்!

வயது பேதமும் உங்களுக்குக் கிடையாது. அதே கட்டளையின் 15ஆம் விதி, மனநலம் குன்றித் தம் நலனைத் தாமே காக்க இயலாதவர்களையும் உங்கள் நிழலில் சேர்க்கிறது. நினைவு தப்பிய 80 வயதுப் பாட்டிக்கும் 5 வயதுப் பையனுக்கும் எதிருரை ஒன்றே. பெயரும் வயதும் மட்டும் மாறும். சமத்துவத்தை இப்படிக் கடைப்பிடிப்பவர் வேறு யார்?

தீர்ப்பு வந்த மாலையே நீங்கள் பற்றறுத்துவிடுகிறீர்கள். உங்கள் நியமனம் மேல்முறையீட்டுக்கும் நிறைவேற்று மனுவுக்கும் தொடரும் என்கிறது 3ஆம் விதி. நீங்கள் விதிகளையும் கடந்தவர்.

இத்தனைக்கும் மேலாக, உங்கள் கையெழுத்துக்கு ஒரு மகிமை உண்டு. காப்பாளர் இல்லாமல் மைனருக்கு எதிராகத் தரப்படும் தீர்ப்பு செல்லாது. உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறினால் போதும், அது செல்லும். அந்தப் பிள்ளையையும் கட்டுப்படுத்தும். பிள்ளையைக் காக்கச் சட்டம் கட்டிய சுவரில், பிள்ளையின் பங்கு வெளியேற ஒரு வாசலாக நிற்கிறீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைக்கு எதுவுமே பறிபோயிருக்காது.

பிள்ளையைத் தேடிப் போய்ப் பேசி, பத்திரங்களைப் புரட்டி, வாதியைக் கேள்வி கேட்கும் காப்பாளர்களும் நம் நீதிமன்றங்களில் இருக்கிறார்கள். சட்டம் எல்லாரிடமும் எதிர்பார்ப்பது அந்த உழைப்பைத்தான். கடமை செய்யாத காப்பாளரை நீக்கவும் செலவுத்தொகை குறித்து உத்தரவிடவும் 11ஆம் விதி நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. காப்பாளரின் கடும் கவனக்குறைவால் கெட்ட பிள்ளை சட்டப்படி நிவாரணம் தேட 3அ விதி தடை சொல்லவில்லை.

ஆகவே நீதிபதிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையைப் பார்த்த நாள், பேசியவர்கள், படித்த ஆவணங்கள் ஆகிய மூன்றும் இல்லாத காப்பாளர் அறிக்கையை ஏற்காதீர்கள். சமரசத்துக்கு அனுமதி தரும் முன், “குழந்தையைப் பார்த்தீர்களா?” என்று காப்பாளரைக் கேளுங்கள். வாசகர்களே, உங்கள் குடும்ப வழக்கில் ஒரு மைனரோ நினைவு தப்பிய முதியவரோ இருந்தால், அவருடைய காப்பாளர் யார் என்று இன்றே விசாரியுங்கள். அவர் கடமை தவறினால் 11ஆம் விதிப்படி மனுப் போடுங்கள். தாயோ தந்தையோ காப்பாளராக நின்று விற்றுவிட்ட சொத்தை மீட்க வழக்குப் போடப் பிள்ளைக்கு 18 வயது முடிந்தபின் 3 ஆண்டுகளே அவகாசம் உண்டு.