கரை இலக்கணம்

நீர்நிலையைச் சுற்றிக் கட்டடம் எழுப்பாமல் விடவேண்டிய இடத்தைக் கற்றோர் 'பஃபர் சோன்' என்ப. கேரளத்து டீக்கடைகளிலும் இச்சொல்லே புழங்குவதால் நாமும் அதையே ஆள்வோம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிலம் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரம். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடா. திருச்சூரும் எர்ணாகுளமும் குறுக்கே கிடக்கின்றன. பாலக்காடும் இடுக்கியும் தொடுவது தமிழ்நாட்டை. எனவே நாம் மூக்கை நுழைப்பதில் குற்றமில்லை.

பஃபர் பல வகைப்படும். அவற்றுள் தலையாயது ஐம்பது மீட்டர்க் கரை. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகள், பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன. படகுத்துறைக்கு மட்டும் விலக்கு. எது ஈரநிலம் எனின், ஆற்றுப்படுகை அன்று, நெல்வயல் அன்று, குடிநீருக்கோ பாசனத்துக்கோ மனிதன் வெட்டியதும் அன்று. இந்தக் கழித்தலை முடித்துவிட்டுச் சித்தூர் தாலுகாவைப் பார்த்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். அங்குள்ள கம்பாலத்தறை, வெங்கலக்கயம் ஏரிகள் பாசனத்துக்கென்று அமைந்தவை. நாரை நாள் முழுக்க நின்று மீன் பிடித்தாலும் விதியின் கண்ணில் அது ஈரநிலத்தில் நிற்கவில்லை. தேக்கடி ஏரியும் 1895இல் பென்னிகுயிக்கின் அணை தேக்கியதுதான்; அதற்காவது புலிகள் காப்பகம் துணை நிற்கிறது.

இரண்டாவது சங்கிலிக் கரை. இது இடுக்கிக்கே உரியது. கல்லார்குட்டி, பொன்முடி முதலிய மின்வாரிய அணைகளைச் சுற்றிப் பத்து செயின் அகலத்துக்கு ஒரு வளையம் உண்டு. ஒரு செயின் என்பது 66 அடி. நில அளவைக்காரர் இழுத்துப்போன அதே இரும்புச் சங்கிலி. பத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர். அந்த வளையத்துக்குள் குடியேறி மிளகும் ஏலமும் போட்டவர்கள் நிலப் பட்டயத்துக்காகத் தலைமுறைகளாக நடக்கிறார்கள். ஏழு செயினுக்குத் தரலாம், நீரை ஒட்டிய மூன்றுக்குத் தரலாகாது என்றொரு முடிவு பிறந்தது. ஆகவே ஒருவருடைய அடுப்படி பட்டயத்திலும் திண்ணை பஃபரிலும் இருக்க இலக்கணம் இடம் கொடுக்கிறது. இதனை மயங்கியல் என்க.

மூன்றாவது தோன்றி மறையும் கரை. 2024 டிசம்பரில் கேரள நீர்வளத்துறை தன் அணைகளைச் சுற்றி 20 மீட்டருக்குள் கட்டவே கூடாது, 100 மீட்டர் வரை தடையில்லாச் சான்று வேண்டும் என்று ஆணையிட்டது. 2025 மார்ச்சில் சட்டமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பவே, ஆணையைத் திரும்பப் பெறுவதாக அமைச்சர் அறிவித்தார். அவர் தொகுதி இடுக்கி. ஒரு பருவமழையைக்கூடக் காணாத கரை இது ஒன்றே.

ஈரநிலக் கணக்கில் சேராத வயலுக்கு வருவோம். அதற்குக் கேரளத்தில் தனிச் சட்டம், 2008இல் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் தலைமையில் கிருஷி பவன் வேளாண் அதிகாரி, வில்லேஜ் ஆபீசர், விவசாயிகள் சேர்ந்த குழு வயல்களைப் பட்டியலிடும். அதற்கு 'டேட்டா பேங்க்' என்று பெயர். பட்டியலிலிருந்து ஒரு நிலத்தை நீக்கப் படிவம் 5. சட்டம் நடைமுறைக்கு வந்த 2008 ஆகஸ்ட் 12 அன்று அது வயலா, மேடா என்பதே கேள்வி. விண்ணப்பித்தவர் தென்னையைக் காட்டுவார். அதிகாரி மரத்தின் வயதைக் கணிப்பார். சந்தேகம் தீராவிட்டால் செயற்கைக்கோள் படம் வரவழைக்கப்படும். ஆறு வயதுத் தென்னை பதினாறு வயது என்று சாதிப்பதை வானத்திலிருந்து ஒரு கண் மறுக்கும் காட்சியை எந்தப் பழைய உரையாசிரியரும் கண்டதில்லை. பட்டியலில் இல்லாத நிலத்தில் 50 சென்டுக்கு மேல் வகை மாற்றம் கேட்டால், பத்து விழுக்காட்டை நீர் சேமிப்புக்கு ஒதுக்கவேண்டும். நான் பார்த்தவரையில் எல்லா விதிகளிலும் உருப்படியானது இதுதான். தண்ணீருக்கு ஒதுங்க இடம் கேட்பது இது ஒன்றே.

இனிப் புறனடை. பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோகோ கோலா ஆலை மேற்சொன்ன சித்தூர் ஏரிகள் இரண்டுக்கும் பக்கத்தில்தான் இருந்தது. ஊர்க் கிணறுகள் கெடுகின்றன என்று பெருமாட்டி பஞ்சாயத்து 2003இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி சொன்னார். நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று 2005இல் இரு நீதிபதி அமர்வு சொன்னது. ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டிருந்தது. அற்றேல், ஏரியிலிருந்து 50 மீட்டர் தள்ளிக் கட்டச் சொல்லியிருந்தால் ஊர்க் கிணறுகள் தப்பியிருக்குமோ எனின், தப்பியிரா. கரையைப் படுக்கைவாட்டில் அளக்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு செங்குத்தாகவே இறங்குகிறது.